சைக்கிளில் மூக்குச் சிந்தியது யார்

என் மூக்குக்கு வீட்டில் ஒன்றும் ஆகாது. கம்பெனியில் ஒன்றும் ஆகாது. சர்ச்சில் நின்று பாட்டுப் பாடினாலும் ஒன்றும் ஆகாது. மார்கழி மாதத்தில் சைக்கிள் ஏறி நாலு மிதி மிதித்தால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒழுக ஆரம்பித்துவிடும். இறங்கிப் பத்து நிமிடம் நின்றால் தானாக நின்றும் போகும். அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதுதான் பெரிய பாடு.

நான் சாராள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை, ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்ட். எளாவூர் பக்கத்துக் காலனியிலிருந்து தினமும் சைக்கிளில் போகிறேன். ஸ்டாஃபுக்கு வேன் உண்டு. காண்ட்ராக்ட்டுக்குக் கால் உண்டு.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம். செக்யூரிட்டி ஆசீர்வாதம் அண்ணன் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து, "சளி, இருமல், ஜொரம்?" என்று கேட்பார். மூக்கு ஈரமாக இருந்தால் நோட்டில் பெயரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சளியோடு மாத்திரை பக்கம் போகக்கூடாதாம். நியாயம்தான். ஆனால் எனக்கு வருவது சளி இல்லையே, குளிர்காற்று பட்டதால் வருகிற தண்ணீர். அதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் எப்போதும் கால்மணி நேரம் முன்னதாகவே போய், எடைமேடைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று துப்பட்டாவால் துடைத்து, மூக்கைக் காயவைத்துக்கொண்டுதான் கேட்டுக்குப் போவேன். ஒன்பது வருடமாக இந்தத் திருட்டுத்தனம்.

அன்றைக்கு எங்கள் லைனிலிருந்து ஒரே ஒரு பெயரைக் கம்பெனி ரோலுக்கு, அதாவது நிரந்தர வேலைக்கு, எழுதி அனுப்புகிற நாள். எழுதி அனுப்புகிறவர் அருணா மேடம், குவாலிட்டி ஆபீசர். முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்கு லீவு போட்டுடாதீங்க சாராள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று லைனில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டு மோனிகாவின் முகம் அப்போதே சுருங்கிப்போனது.

காலையில் என் வீட்டுக்காரர் யேசுதாஸிடம் புலம்பினேன். "இன்னிக்குப் பாத்து மூக்கு மானத்த வாங்கப் போவுது."

"சைக்கிள்ல போய்க்கினே சிந்து. நாங்கல்லாம் சிந்தல?"

"நீங்க ஆம்பள."

"மூக்குல இன்னா ஆம்பள பொம்பள? ஒரு ஓட்டைய வெரலால அடச்சிக்கோ, தலைய அந்தாண்ட திருப்பு, ஒரே மூச்சா வுடு. பயந்துக்கினு மெதுவா வுட்டா ஒன் மேலயே வுழும்."

சொல்லிவிட்டு எப்போதும்போலத் தன்னுடைய பழைய ஜெர்கினையும் குரங்குக் குல்லாயையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். ரோட்டில் ஆம்பளைகள் சிந்துகிறார்கள், துப்புகிறார்கள், நின்றுகொண்டு என்னென்னவோ செய்கிறார்கள். லாரி டிரைவர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிச் சிந்தினால் பின்னால் வருகிறவன்தான் ஒதுங்கிப் போகவேண்டும். பொம்பளைக்கு உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. எத்தனை வருடமாக இழுக்கிறேன்! தொண்டையே புளித்துப்போய்விட்டது.

எளாவூர் செக்போஸ்ட்டில் என்ன பிரச்சினையோ, அன்று லாரிகள் ஹைவேயில் நின்றது போதாதென்று சர்வீஸ் ரோட்டிலும் ஏறி நின்றிருந்தன. சைக்கிளில் போக வழியில்லை. இறங்கி, சேற்றில் அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கிளீனரிடம், "கொஞ்சம் நவுத்துங்களேன்" என்றேன். அவன் எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான். லாரி மீதும் கோபம், அவன் மீதும் கோபம், எல்லாவற்றையும்விட மூக்கின் மீது கோபம்.

சிப்காட் ரோட்டில் திரும்பும்போது ஆறு ஐம்பது தாண்டிவிட்டது. ஏழு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். எடைமேடைச் சுவருக்குப் பின்னால் நிற்பதெல்லாம் இனி நடக்காது. மூக்கோ உதட்டைத் தாண்டி வாய்க்கே வந்துவிட்டது. உப்புக் கரித்தது. ஜெர்கின் கையால் துடைத்தேன். அது ரெக்சின், ஈரத்தை உறிஞ்சாமல் கன்னம் முழுக்கத் தடவிவிட்டது. துப்பட்டா ஜெர்கினுக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஜிப்பை இழுத்தால் சைக்கிள் ஆடுகிறது.

திரும்பிப் பார்த்தேன். பனி. விளக்கு வெளிச்சம் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு ஈ காக்கை கிடையாது. இயேசப்பா மன்னிச்சுக்கோ என்று வலது மூக்கை அடைத்து, இடது பக்கம் தலையைத் திருப்பி, ஒரே மூச்சாக விட்டேன்.

என்ன சுகம்! முப்பத்தெட்டு வயது வரைக்கும் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஆத்திரமாகக்கூட வந்தது. அந்த உற்சாகத்தில் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இடது மூக்கை அடைத்தேன். வலது பக்கம் தலையைத் திருப்பினேன். முன்னதைவிட பலமாக விட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஸ்டாஃபுக்குப் புதிதாக பேட்டரி வேன் வாங்கியிருக்கிறார்கள். அது பக்கத்தில் வந்தாலும் சத்தம் கேட்காது. அதற்கு விளக்கு போடாமல் ஓட்டுகிற ஒரு டிரைவர் வேறு. சரியாக அந்த நேரத்தில் அது என்னைத் தாண்டியது. ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

"ஐயோ! ச்சீ!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. வேன் நிற்காமல் பனிக்குள் போய்விட்டது.

சைக்கிளை ஓரம் கட்டினேன். எப்போதும் கேட்டுக்குப் போகும் முன் செய்வதைப்போல ஜெர்கினையும் குல்லாயையும் கழற்றிப் பைக்குள் திணித்தேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கேட்டில் கூட்டமாக இருந்தது. நடுவில் அருணா மேடம் நின்றிருந்தார். தோளிலும் கழுத்திலும் டிஷ்யூவால் தேய்த்துத் தேய்த்து அந்த இடமே சிவந்துபோயிருந்தது. பஸ்ஸோ வேனோ ஏறினால் அவருக்கு வாந்தி வரும், அதனால் பனியிலும் ஜன்னலைத் திறந்துதான் உட்காருவார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, போயும் போயும் அவர் மீதா?

அவருக்கு எதிரில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மணிகண்டன் நின்றிருந்தான். லோடிங்கில் வேலை செய்கிறவன், வாயாடி. குவார்ட்டர்ஸ் பக்கத்துக் குறுக்குச் சாலை வழியாக எனக்கு முன்னால் வந்துசேர்ந்திருக்கிறான். அவன் உடம்பிலும் ஜெர்கின், தலையிலும் குரங்குக் குல்லாய்.

"இந்த ஜெர்கின்தான், இந்தக் குல்லாதான். நான் பாத்தேன்" என்றார் மேடம்.

"மேடம், நான் சிந்துவேன், இல்லேங்கல" என்றான் மணிகண்டன். "ஆனா நான் சிந்துனா பக்கத்துல வர்றவனுக்குக்கூடத் தெரியாது. அவ்ளோ நீட்டா சிந்துவேன். இது எவனோ கத்துக்குட்டி."

எனக்குச் சுருக்கென்றது.

"போன மாசம் லோடிங்ல துப்பி மாட்டினது இவர்தானே?" என்று மேடம் கேட்டார். ஆசீர்வாதம் அண்ணன் நோட்டைப் புரட்டி, "ஆமா மேடம், இவந்தான்" என்றார்.

"அப்ப இது ரெண்டாவது. பாஸை வாங்கிடுங்க."

பாஸை வாங்கினால் அதோடு கதை முடிந்தது. காண்ட்ராக்ட்காரர் வேறு ஆளை அனுப்பிவிடுவார். மணிகண்டன் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றினான். நான் வரிசையில் நாலாவதாக நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், திறக்கக்கூடாது என்றுதான் நின்றேன். ஒன்பது வருடம். ஒரே ஒரு பெயர். இந்த மணிகண்டன் எனக்கு மாமனா மச்சானா? இன்றைக்குச் சிந்தாவிட்டாலும் நேற்றுச் சிந்தியவன்தானே?

பாஸ் கைமாறியதும் அவன் கத்தினான். "சைக்கிள்ல நான் ஒர்த்தன்தான் வர்றேனா? இதோ இந்தப் பொம்பளைங்களும்தான் வர்றாங்க. அவங்கள இன்னாத்துக்குக் கேக்கல?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. மோனிகா வாயைப் பொத்திக்கொண்டு, "பொம்பளைங்க எங்கனா ரோட்ல சிந்துவாங்களா? இன்னா பேச்சு இது!" என்றாள். ஆசீர்வாதம் அண்ணன் சிரித்தார். அவ்வளவு கோபத்திலும் அருணா மேடம்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு மூக்கே கிடையாது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னதைப்போல இருந்தது.

"நான்தான் மேடம் சிந்துனது" என்றேன்.

யாரும் திரும்பக்கூட இல்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

"சாராள், பாவம் பாத்துப் பேசாதீங்க" என்றார் மேடம்.

"பாவம்லாம் இல்ல மேடம். இவன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பாவமே வராது. எடப் பக்கம் சிந்துனேன், அப்பறம் வலப் பக்கம் சிந்துனேன். வண்டி சத்தம் கேக்கல."

"ஏம்மா, சபைக்கு வர்ற பொம்பள இப்டிலாம் பேசலாமா?" என்று ஆசீர்வாதம் அண்ணன் நொந்துகொண்டார். பைக்குள்ளிருந்து ஜெர்கினை எடுத்துக் காட்டினேன். "இது யேசுதாஸ் ஜெர்கினாச்சே" என்றார். யாருடையதாக இருந்தால் என்ன, அதைப் போட்டுக்கொண்டு வந்தது நான்தானே? பின்னால் எவளோ, "அவனுக்காவ இவ ஏன் இவ்ளோ துடிக்கிறா?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அதற்கு இப்படியும் ஒரு பெயர் வைப்பார்களா?

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வரிசையை விட்டு வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாக்கடை ஓரமாகப் போய் நின்றேன். இடது மூக்கை விரலால் அடைத்தேன். தலையைத் திருப்பினேன். எல்லோரும் பார்க்க ஒரே மூச்சாக விட்டேன்.

நேராகச் சாக்கடைக்குள் போய் விழுந்தது.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. மோனிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசீர்வாதம் அண்ணன், "ஸ்தோத்திரம்" என்று முனகினார். மேடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கழுத்தில் வந்து விழுந்தபோதுகூட அப்படி அருவருத்திருக்கமாட்டார்.

"அவர் பாஸைக் குடுத்துடுங்க" என்றார். பிறகு, "இவங்க பேரை எழுதுங்க" என்றார்.

அண்ணன் பேனாவை எடுத்தார். "இன்னான்னு எழுதறது மேடம்? சளின்னா?"

"ஒழுங்கீனம்னு எழுதுங்க."

சளி என்று எழுதினால் ஒரு நாள் போகும். ஒழுங்கீனம் என்று எழுதிவிட்டால் எந்தக் காலத்திலும் ரோலுக்குப் பெயர் போகாது.

"அண்ணா, போன மாசம் மணி துப்புனதுக்கு இன்னா எழுதுனீங்க? படிங்க" என்றேன்.

அவர் மேடத்தைப் பார்த்தார். பிறகு படித்தார். "சுத்தக் குறைவு. எச்சரிக்கை."

"எனக்கும் அத்தையே எழுதுங்க."

"அது வேற, சாராள்" என்றார் மேடம்.

"எப்டி வேற? அவன் துப்புனான், நான் சிந்துனேன். ஒங்க மேல பட்டது தப்புதான், கால்ல வேணாலும் வுழறேன். ஆனா ஒழுங்கீனம்னு எழுதுனா கையெழுத்து போடமாட்டேன்."

"ஒரு லேடி இப்படி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். உள்ளே ஏழு மணி சங்கு ஊதியது. வரிசையில் ஒருத்தரும் நகரவில்லை. மேடம் அண்ணனிடமிருந்து பேனாவை வாங்கி அவரே எழுதினார். சுத்தக் குறைவு, எச்சரிக்கை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எச்சரிக்கை இருந்தா ஒரு வருஷத்துக்கு ரோலுக்கு எழுத முடியாது. தெரியும் இல்ல?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருந்தேன். சொல்லாம நின்னிருக்கலாமே சாராள். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரியும் என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். எழுத்து தெளிவாக இல்லை, கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் துப்பட்டாவை எடுத்து எல்லோருக்கும் முன்னால் துடைத்தேன்.

மணிகண்டன் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"யக்கா," என்றான், "வலப் பக்கம் சிந்தறதுன்னா முன்னாடி திரும்பிப் பாக்கணும்க்கா. இது தெரியாம இன்னாத்துக்கு எறங்குன?"

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் கேட்டுக்குள்ளே ஓடிவிட்டான். வரிசை முழுக்க உள்ளே போனதும் ஆசீர்வாதம் அண்ணன் கேட்டை இழுத்து மூடினார். ஈர மூக்குக்கு உள்ளே இடமில்லை, நான் வெளியே நின்றிருந்தேன்.