வைக்கோலா, மரச்சீவலா?

கொல்லைப்புறத்தில் கோழிக்கூடு எழும்பிய கையோடு வீட்டுக்குள் சண்டையும் எழும்பியது. கூட்டுத் தரையில் எதைப் பரப்புவது?

பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன் வைக்கோல் கட்சி. "மெத்துமெத்துனு இருக்கும். பாவம், வாயில்லா ஜீவன்."

தையற்கடை வைத்திருக்கும் மனைவி மரச்சீவல் கட்சி. "ஈரம் பட்டா வைக்கோல் பாய் மாதிரி ஒட்டிக்கும், நாத்தம் குடலைப் புடுங்கும். சீவல்னா ஈரத்தை இழுத்துக்கும்."

விடுப்பில் வந்திருந்த அவளுடைய தங்கைக்குக் காது வலித்தது. "அக்கா, மாமா, எதுக்கு இப்படித் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறீங்க? படுக்கப்போறது கோழிங்கதானே? அதுங்களே சொல்லட்டும்."

கூட்டின் நடுவே ஒரு பலகையைக் கிடத்தி, இந்தப் பக்கம் வைக்கோல், அந்தப் பக்கம் சீவல் என்று பரப்பினார்கள். திறந்துவிட்டதுதான் தாமதம், கோழிகள் மொத்தமும் வைக்கோலில் போய் விழுந்து கிளறின.

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஒண்ணாவது உன் பக்கம் எட்டிப் பாக்குதா?"

"உதிர்ந்த நெல்லைப் பொறுக்குதுங்க. அது தீரட்டும்" என்றாள் மனைவி.

மறுநாள் இரவு காற்றோடு சாரல் அடித்துக் கூடு முழுக்க நனைந்தது. விடிந்து பார்த்தால் வைக்கோல் திட்டுத் திட்டாக இறுகி, கிட்டே போக முடியாத வாடை. கோழிகளெல்லாம் சீவல் பக்கம் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தன. மனைவி அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரம் கழித்து அக்காவும் தங்கையும் கொல்லைக்கு வந்தபோது, அவன் ஈர வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு, குனிந்து சீவல் மூட்டையைக் கூட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, கட்சி மாறிட்டீங்களா?"

"சேச்சே, அதுங்களுக்கு இடம் பத்தலை. அதான்..."

அதற்குமேல் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் படபடத்தன.

மனைவி மிச்சமிருந்த காய்ந்த வைக்கோலில் ஒரு கை அள்ளி, கோழிகள் முட்டையிடக் கூட்டின் மூலையில் வைத்திருந்த பெட்டிக்குள் வைத்தாள். "முட்டை உடையாம இருக்க இதுதான் மெத்தை. இதுல நீங்க சொன்னதுதான் சரி."

அவன் முகம் மலர்ந்தது. ஒரு கருப்புக் கோழி வந்து பெட்டிக்குள் ஏறி, இரண்டு சுற்று சுற்றி, வைக்கோலைக் குழித்து அமர்ந்தது.

"சத்தம் போடாதீங்க" என்று இருவரையும் அடக்கிவிட்டு, அவன் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.