பத்துக்கு எத்தனை

"இப்ப எத்தினை?" என்று கேட்டார் தாதி புஸ்பராணி மிஸி.

"அஞ்சு" என்றான் யோகலிங்கம்.

"உங்கட காலைப் பாருங்கோ, தம்பி. அது அஞ்செண்டு சொல்லுதோ?"

யோகலிங்கம் குனிந்து பார்த்தான். கதிரைக்குக் கீழே வலது கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"ஏழு" என்றான்.

ஆசுபத்திரியின் பின்பக்கம், மருந்துக் களஞ்சியத்தை ஒட்டி இரண்டு அறைகள். கதவில் அறை இலக்கம் மட்டும் இருந்தது. புதன்கிழமைகளில் அங்கே வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யோகலிங்கம் அங்கே முப்பத்தொன்றாம் இலக்கம். மூன்று வருடங்களுக்கு முன் இரண்டாந்தரம் வளைகுடாவுக்குப் போகக் கொழும்பில் மெடிக்கல் எடுத்தபோது, அவனுடைய இரத்தத்தில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அதற்கான குளிசைகளை நேரந்தவறாமல் குடித்தான். உடம்பு தேறிவிட்டது. தேறாதது வேறொன்று. முகந்தெரியாத பெண்களைத் தேடிப் போகும் கால்களை அவனால் நிறுத்த முடியவில்லை.

"மற்றவைக்குக் குடுக்கப்படாதெண்டு தெரியும் மிஸி. உறை கொண்டுதான் போறனான். ஆனா ஒன்பது, பத்து வந்தால் எனக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது" என்று முதல் நாளே சொல்லியிருந்தான்.

"போனால் சந்தோசம் வருதோ?"

"எங்கை? முடிஞ்ச உடனை தலையைச் சுவரிலை மோதவேணும் போலை கிடக்கும். அந்த வெக்கத்தை மறக்கத் திரும்பவும் போவன்."

"அப்ப அது ஆசை இல்லை. ஆசையெண்டால் கிடைச்சதோடை அடங்கும். இது வருத்தம். வருத்தமெண்டால் வைத்தியம் பார்க்கலாம்."

டொக்டர் இரவில் குடிக்க இன்னொரு குளிசை எழுதினார். மிஸி ஒரு சின்னக் கொப்பி கொடுத்தார். அந்த எண்ணம் வரும்போது நேரம், இடம், பத்துக்கு எத்தனை என்ற வேகம், இவற்றை எழுத வேண்டும். போனால் வட்டம். போகாவிட்டால் குறுக்குக் கோடிட்ட புள்ளடி.

"இருவது நிமிசம், கூடினால் அரை மணித்தியாலம். ஏறினது இறங்கும். நீங்கள் ஒருநாளும் இறங்குமட்டும் நிண்டு பார்க்கேல்லை, அவ்வளவுதான்."

"கொப்பி ஆற்றையேன் கையிலை பட்டால்?"

"அதுக்குத்தான் வெறும் எண். ஆருக்கும் விளங்காது" என்றார் மிஸி.

அது 2007ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. அரிசியும் மாவும் சீனியும் திருகோணமலையிலிருந்து கப்பலில்தான் போயின. அந்த மூட்டைகளை ஏற்றும் லொறிக்கு யோகலிங்கம் சாரதி. துறைமுக வாசலில் லொறிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். சும்மா இருக்கும் நேரந்தான் அவனுக்கு நஞ்சு. ஆகவே கொப்பி நிரம்பியது. 10.20, ஜெற்றி, 7, புள்ளடி. 2.45, சீனன்குடாச் சந்தி, 9, வட்டம். 4.10, உட்துறைமுக வீதி, 6, புள்ளடி. ஆறு கிழமையில் வட்டங்கள் குறைந்து புள்ளடிகள் கூடின. மிஸி ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்"முக்காகவே அவன் புதன்கிழமைகளில் நேரத்தோடு வந்தான்.

ஏழாவது புதன் அவன் வரவில்லை. ஒரு பெண் வந்தாள்.

"இதோ சீனி வருத்தக் கிளினிக்?"

"ஆரைத் தேடுறீங்கள், பிள்ளை?"

"என்ர பேர் தவமலர். என்ர மனுசன் யோகலிங்கம் சீனி வருத்தத்துக்கு இஞ்சை மருந்தெடுக்கிறவர். அலுமாரிக்குள்ளை சேட்டுக்கு அடியிலை இந்தக் காட் கிடந்தது." அட்டையில் முப்பத்தொன்று என்ற இலக்கமும் அறை இலக்கமும் இருந்தன. "அவரைச் சனிக்கிழமை சீனன்குடாச் சோதனைச் சாவடியிலை பிடிச்சவை. பொலிசிலை வைச்சிருக்கினம். ஒரு கொப்பி வைச்சிருந்தவராம். நேவிப் படகுகள் எத்தினை, எத்தினை மணிக்கு, எங்கை எண்டு எழுதினதாம்."

மிஸி கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

"மிஸி, அவருக்குப் படகைக் கண்டாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். கிண்ணியாத் துறையிலை பாதைப் படகிலை ஏறினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிப்பார். அவரோ படகு எண்ணுறது?"

"நாலு நாளோ?"

"ஓம். சீனி வருத்தக்காரருக்கு மருந்து குடுக்காமல் வைச்சிருக்கினம். இன்ன வருத்தம், இன்ன மருந்து எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அதைக் காட்டினால் இரங்குவினம்."

மிஸி கதிரையிலிருந்து எழும்பினார். பிறகு, "கடிதம் வேண்டாம், நானே வாறன்" என்றார். "ஆனா பிள்ளை, வழியிலை என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ."

"ஏன்?"

"கேட்டால் சொல்ல ஏலாது. பொய் சொல்ல விருப்பமில்லை."

தவமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சீனி வருத்தத்துக்கு இவ்வளவு ரகசியமோ?" என்றாள். மிஸி உள்ளே போய் டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். "ஆளின்ர சம்மதம் இல்லாமல் வாய் திறக்க ஏலாது. சம்மதிச்சால் நான் எழுதித் தாறன்" என்றார் டொக்டர். முப்பத்தொன்றாம் இலக்கத்துக்கான குளிசைகளை ஒரு கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மிஸி புறப்பட்டார்.

பொலிஸ் நிலையத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நின்றவர் கான்ஸ்டபிள் ஜவாஹிர். அவர் மிஸியை முன்பே அறிந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டது மிஸிதான்.

"அந்த ஆளோட பெரிய கரைச்சல், மிஸி" என்றார் ஜவாஹிர். "வாயத் திறக்கிறான் இல்ல. நான் மூணு நாளா அந்தக் கொப்பிய வாசிக்கன். ஜெற்றியில ஏழு எண்டு போட்டிரிக்கான். அண்டைக்கு ஜெற்றியில நான்தான் டியூட்டி. ஒரு படகும் இல்ல. சந்தி எண்டு போட்டு ஒன்பதாம். சந்தியில எங்கால கப்பல் வந்த?"

"அதைப் பொறுப்பதிகாரி ஐயாவுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னன். 'படகு இல்லாட்டி அது ரகசியக் கோட், இன்னும் பெரிய விசயம்' எண்டுட்டாரு. நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போறாங்க. அங்க போனா எப்ப வாற எண்டு எனக்கும் தெரியா, ஒருத்தருக்கும் தெரியா."

ஆருக்கும் விளங்காது என்று தான் சொன்னது மிஸியின் காதில் திரும்பக் கேட்டது. பாதிச் சனத்தைப் பாதிச் சனம் சந்தேகிக்கும் ஊரில், விளங்காத எழுத்தைவிட ஆபத்தான எழுத்து வேறில்லை. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் அது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது?

"எனக்கு ஆளோடை பத்து நிமிசம் தனியக் கதைக்கவேணும், ஜவாஹிர்."

"தனிய விட ஏலா. நான் நிக்கோணும்." சற்று யோசித்தார். "ஆனா நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பன்."

யோகலிங்கம் நீள மர வாங்கில் சுவரோடு சாய்ந்து இருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மிஸியைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"இருங்கோ. அடிச்சவையோ?"

"முதல் நாள் மட்டும்."

"குளிசை?"

"சனிக்கிழமையிலிருந்து இல்லை."

மிஸி கடதாசியைப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் இல்லாமலே விழுங்கினான்.

"இப்ப எத்தினை?"

அவன் சிரிக்கப் பார்த்தான், கன்னம் விடவில்லை. "பூச்சியம், மிஸி. நாலு நாளாப் பூச்சியம். நீங்கள் இந்த வைத்தியத்தை முதலே செய்திருக்கலாம்."

"பயத்திலை ஒளிச்சுக்கொண்டிருக்கு. வீட்டை போக வெளியிலை வரும். அதை வீட்டிலை பார்ப்பம். முதல் வீட்டை போகவேணும். கொப்பி என்னெண்டு நான் ஐயாவுக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."

"தம்பி, நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போகினம்."

"அனுப்பட்டும். புலி எண்டே இருக்கட்டும், மிஸி. புலி எண்டால் தவமலர் அழுவா. மற்றதெண்டால் முகத்தைத் திருப்புவா. அவ அழுறது போதும் எனக்கு."

வாசலில் ஜவாஹிரின் சப்பாத்து ஒருதரம் தரையில் உரசியது. அவர் திரும்பவில்லை.

"அவ வெளியிலைதான் நிக்கிறா" என்றார் மிஸி. "வந்த நேரந்தொட்டுக் கண்ட பொலிசுகாரர் எல்லாரட்டையும், அவர் சீனி வருத்தக்காரர், நேரத்துக்குச் சாப்பாடு குடுங்கோ எண்டு கும்பிட்டுக்கொண்டு நிக்கிறா. கையிலை பாணும் பிளாஸ்கும். சீனி போடாத தேத்தண்ணி."

யோகலிங்கம் தரையைப் பார்த்தான். கால் ஆடவில்லை.

"நீங்கள் கொழும்புக்குப் போனால் உந்தக் கும்பிடு நிக்காது. ஒவ்வொரு வாசலாப் போய் இல்லாத வருத்தத்துக்கு இரங்கச் சொல்லிக் கேப்பா. அதுதான் உங்களுக்கு விருப்பமோ?"

அவன் குளிசைக் கடதாசியை நாலாக மடித்தான். "முதல் அவவுக்கு. நான்தான் சொல்லவேணும். பேந்து நீங்கள் ஐயாவுக்குச் சொல்லுங்கோ."

தவமலர் பிளாஸ்கோடு உள்ளே போனாள். மிஸியும் ஜவாஹிரும் வெளியே நின்றார்கள்.

"சத்தம் ஒண்டும் கேக்கல்ல" என்றார் ஜவாஹிர்.

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்ட வீடெண்டா இப்ப முழு ரோட்டுக்கும் கேட்டிரிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஸி, நான் ரோட்டத்தான் பாத்த. ஆனா காத மூட ஏலாதானே. நான் மொழிபெயர்க்கிற ஆள். ஒரு காதால வந்தா வாயால போகும், உள்ளுக்க ஒண்டும் தங்காது. இது வாயாலயும் போகாது."

தவமலர் வெளியே வந்தாள். வாங்கின் ஒரு நுனியில் இருந்தாள். பிளாஸ்க் திறக்கப்படாமல் மடியில் இருந்தது.

"மூண்டு வருசம், மிஸி" என்றாள். "மூண்டு வருசமா நானும் சீனி போடாமல்தான் தேத்தண்ணி குடிச்சனான். பாவம், மனுசன் தனியக் குடிக்குதே எண்டு."

மிஸி பக்கத்தில் இருந்தார்.

"எனக்கும் இருக்குமோ?"

"இரத்தம் பார்க்கவேணும், பிள்ளை."

"மெடிக்கல் முடிச்சு வந்ததிலிருந்து என்னைத் தொடேல்லை. சீனி வருத்தக்காரர் அப்பிடித்தான் எண்டு பக்கத்து வீட்டிலை சொன்னவை. நானும் நம்பினனான்."

"தொடாமல் விட்டது உங்களைக் காப்பாத்தத்தான். ஆனா அதுக்கு முதல் இருந்ததுக்குப் பார்க்கத்தான் வேணும்."

"காப்பாத்தினவராம்" என்றாள் தவமலர். ஆனால் எழும்பிப் போகவில்லை.

டொக்டரின் கடிதம் வந்ததும் மிஸி பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜவாஹிர் வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பொறுப்பதிகாரி கொப்பியைத் திரும்ப முதலிலிருந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"இந்தப் புள்ளடியெல்லாம் போகாத நாளா எண்டு கேக்காரு."

"ஓம். ஒவ்வொண்டும் ஒரு வெற்றி."

பொறுப்பதிகாரி கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து டொக்டரோடு பேசினார். பிறகும் கொப்பியை மூடாமல் இன்னொரு கேள்வி கேட்டார். ஜவாஹிர் மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"என்னவாம்?"

"இப்படி எழுதினா சாராயத்துக்கும் சரிவருமாமா எண்டு கேக்காரு."

"சரிவரும்" என்றார் மிஸி. "ஆனா எழுதுற ஆள் பொய் எழுதப்படாது."

அடுத்த நாட்காலை யோகலிங்கத்தை விட்டார்கள். கொப்பியைத் திருப்பித் தரவில்லை.

எட்டாவது புதன் இருவரும் வந்தார்கள். வெளிவாங்கில் இந்த நுனியில் ஒருவர், அந்த நுனியில் ஒருவர். நடுவில் பிளாஸ்க். மிஸி முதலில் அவனைக் கூப்பிட்டார்.

"இனிக் கொப்பி வேண்டாம்" என்றார். "அது என்ர பிழை. நான் யோசிச்சிருக்கவேணும். எண்ணை மனதிலை வைச்சிருந்து இஞ்சை வந்து வாயாலை சொல்லுங்கோ. வீட்டிலை எப்பிடி?"

"கதைக்கிறேல்லை."

"ஒரு சொல்லுமோ?"

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருக்கா. கால் ஆடத் துவங்கிச்சுது, மிஸி. ஒன்பது இருக்கும். சேட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் வந்திட்டன். அவ குசினியிலிருந்து பார்த்துக்கொண்டு நிண்டவ. ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து படியிலை வைச்சா. 'இதைக் குடிச்சு முடிச்சுப்போட்டு எங்கையெண்டாலும் போங்கோ' எண்டா."

"குடிச்சியளோ?"

"வாயிலை வைக்க ஏலாத சூடு. சீனியெண்டால் மூண்டு கரண்டிக்குக் குறையாது, பாகு மாதிரி. மூண்டு வருசம் குடிக்காத வாய். குடிச்சு முடிக்க அரை மணித்தியாலம் போயிட்டுது."

"பேந்து?"

"நாலு" என்றான் யோகலிங்கம். "சேட்டைக் கழட்டிப்போட்டன்."

மிஸி, "ம்" என்றார்.

பிறகு கதவைத் திறந்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிய புதிய அட்டையைப் பார்த்து, "நாப்பத்தேழு" என்று கூப்பிட்டார். தவமலர் எழும்பினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெளியே வந்த கணவனின் முகத்தைப் பார்க்காமலே பிளாஸ்கை அவனிடம் நீட்டினாள்.

"பிடியுங்கோ. ஊத்திப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.