மார்பில் போட்ட கோடு

என் மார்பில் ஊதா மையால் நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். கதிர் எங்கே பாய வேண்டும் என்பதற்கு அடையாளமாம்.

"கழுத்துக்குக் கீழ தண்ணி படக் கூடாது ரத்னாம்மா. கோடு அழிஞ்சா திரும்ப முதல்லேர்ந்து ஸ்கேன் எடுக்கணும்" என்றாள் கீர்த்தி. ரேடியேஷன் மெஷினை இயக்குகிற பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால்.

மூன்று வாரம் ஈரத்துணியால் துடைத்தே ஓட்டினேன். மந்தைவெளியில் ஒற்றை அறை வீடு. முதுகைத் துடைத்துவிட ஆள் கிடையாது. புருஷன் என்று ஒருவன் இருந்தான். இப்போது எங்கே இருக்கிறான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பொய் சொல்லி லீவு போட்டிருந்தேன். மார்பில் புற்று என்று உண்மையைச் சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது ஆகாது.

ரேடியேஷன் அறையில் வலி ஒன்றும் இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வைப்பார்கள், கோடுகளைச் சரிபார்ப்பார்கள், பிறகு எல்லோரும் வெளியே போய் அந்தப் பெரிய கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆகாதது எனக்கு மட்டும் மருந்து. ஸ்பீக்கரில் "அசையாதீங்க" என்று குரல் வரும். உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றும்.

வெளியே பெஞ்சில் தேவானை உட்கார்ந்திருப்பாள். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்பவள். அவளுக்கு உணவுக்குழாயில் புற்று. எனக்கு முந்தின முறை அவளுடையது. முடிந்தும் போகாமல் எனக்காகக் காத்திருப்பாள்.

"இன்னாம்மே, கரண்ட் வச்சிட்டாங்களா?" ரேடியேஷன் அவளுக்குக் கரண்ட்.

"வச்சாச்சு."

"ரெண்டு பேரும் குளிக்காம நாறிக்கினு கீறோம். நானாச்சும் மீன்காரி. உனக்கு இன்னா வந்துச்சு?"

உள்ளதைச் சொன்னால், பத்தாவது நாளே நான் போவதை நிறுத்தியிருப்பேன். அவள் காத்திருப்பாளே என்றுதான் போனேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. என்னுடையதை முடித்துவிட்டு போன் அடித்தேன். மருமகள் எடுத்தாள். "அத்த காலைல தவறிட்டாங்க."

குப்பத்துக்கு ஓடினேன். சந்து முழுக்கக் கூட்டம். "நீங்க யாரு?" என்று மருமகள் கேட்டாள். "ஆஸ்பத்திரில தெரிஞ்சவ" என்றேன். வேறு என்ன சொல்வது? எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் ஓரமாக நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், சாவுக்குப் போய் வந்தவர்கள் செய்வதைத்தான் செய்தேன். நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு உடம்பெல்லாம் தண்ணீர். சுகமாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. சோப்பு போடும்போது விரலில் ஊதா ஒட்டியது. அப்போதுதான் நெஞ்சைக் குனிந்து பார்த்தேன்.

மறுநாள் கீர்த்தி கத்தினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! இன்னும் ஒன்பது நாள்தானே பாக்கி?"

"சாவுக்குப் போயிட்டு வந்தேன். கை தானா ஊத்திடுச்சு."

"யாரு, சொந்தமா?"

"தேவானை."

அவள் கையிலிருந்த பட்டியலில் என் பெயருக்கு மேலே தேவானையின் பெயர் அப்படியே இருந்தது. வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கீர்த்தி பேனாவை எடுத்தாள். அடிக்க மனம் வராமல் மூடி வைத்தாள்.

"வாங்கம்மா, திரும்ப ஸ்கேன் எடுத்துடலாம்."

இப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் ஏன் என்று கேட்க யார் இருக்கிறார்கள்? பெஞ்சைப் பார்த்தேன். அவள் உட்காரும் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்கள். என்னை நானே திட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

ஸ்கேனுக்குக் கையைத் தூக்கிப் படுத்தேன். கதவு மூடியது. "அசையாதீங்க ரத்னாம்மா" என்றது ஸ்பீக்கர். அசையக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. நேற்று குப்பத்தில் வராத அழுகை இங்கே வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு கீர்த்தி ஓடி வந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு அஞ்சு நிமிஷம் கூடவே இரு கண்ணு. அழுது முடிச்சுடறேன். அப்புறம் அசையாம படுத்துக்கறேன்."