வாசலில் வைத்த பெப்பர்மின்ட் தட்டு

பட்டியலில் ஒரே ஒரு வரியை அடிக்க மார்லிஸுக்குப் பதினோரு வருடம் பிடித்தது.

தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் கிறிஸ்துமஸ் குக்கிச் சந்தைக்கான பட்டியல் தொங்கியது. யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதுகிறவள் ஆர்டிஸ். மார்லிஸின் கணவன் லைலுக்கு அக்கா. மின்னசோட்டாவின் பனியில் எது உறைந்தாலும் நாத்தனாரின் அதிகாரம் மட்டும் உறைவதில்லை. எல்லார் பெயருக்கு எதிரிலும் ஒரு பலகாரம் இருந்தது. கடைசி வரியில் வழக்கம்போல, 'மார்லிஸ் – டிஷ்யூ பேப்பர்'. சமையலுக்கு லாயக்கில்லாதவர்களுக்கு அந்த ஊர் கொடுக்கிற பட்டம் அது. மார்லிஸ் அதை அடித்துவிட்டு, 'பெப்பர்மின்ட் குக்கி, பன்னிரண்டு டஜன்' என்று எழுதினாள்.

அவள் செய்த குற்றம் சின்னதுதான். பதினோரு வருடத்துக்கு முன் தன் பெப்பர்மின்ட் குக்கிகளைச் சந்தைக்கு முதல் நாளே கொண்டுபோய், மற்றவர்களுடைய பலகாரம் இருந்த பெரிய டப்பாவிலேயே வைத்து மூடிவிட்டாள். பெப்பர்மின்டுக்கு அடக்க ஒடுக்கம் கிடையாது. விடிவதற்குள் எலுமிச்சைக் கேக் துண்டு, இஞ்சி ரொட்டி, ஆர்டிஸ் கூம்பாகச் சுருட்டிய இனிப்பு அப்பளம் எல்லாம் ஒரே வாசனைக்கு வந்துவிட்டன. ஊரே பற்பசையைத் தின்றது போல முகத்தைச் சுளித்தது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஊர்க்காரர்கள் திட்டமாட்டார்கள். டிஷ்யூ பேப்பர் கொண்டுவரச் சொல்வார்கள்.

அத்தனை வருடமும் பள்ளி பஸ் ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மார்லிஸ் அந்தக் குக்கியோடுதான் மல்லுக்கட்டினாள். பெப்பர்மின்ட் மிட்டாயைப் பொடித்து மாவில் கலந்தால் அடுப்பில் உருகி ஓடியது. மேலே தூவி மூடி வைத்தால் மறுநாளே கசிந்து பிசுபிசுத்தது. கடைசியில் வழி கண்டுபிடித்தாள். வெண்ணெய்க் குக்கியை முதலில் சுட்டு, நன்றாக ஆறவிட வேண்டும். பாதியை வெள்ளைச் சாக்லெட்டில் முக்கி, அது இறுகுவதற்குள் பொடித்த மிட்டாயைத் தூவ வேண்டும். அதையும் சந்தையன்று காலையில்தான் செய்ய வேண்டும்.

அன்று காலை லைல் ஒன்றைத் தின்றுவிட்டு, "மோசமில்ல," என்றான். முப்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

தேவாலயக் கூடத்துக்குள் தகரப் பெட்டிகளோடு நுழைந்தவளை ஆர்டிஸ் வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வேண்டாம் மார்லிஸ். வாசனை மத்ததுல ஏறிடும்."

"தனித்தனி டப்பாவுலதான் கொண்டாந்திருக்கேன் ஆர்டிஸ்."

"போன தடவையும் டப்பாவுலதான் இருந்துச்சு. வெளி நடையில ஒரு மேசை கிடக்கு, அங்க வை. நல்ல காத்தோட்டம்."

வெளி நடை என்றால் ஜனங்கள் பூட்ஸைக் கழற்றிப்போடுகிற இடம். கதவு திறக்கும் போதெல்லாம் எலும்பைக் குத்துகிற குளிர். மார்லிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டிகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். போனால் அடுத்த வருடப் பட்டியலில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கோட்டைக் கழற்றாமலே தட்டுகளை அடுக்கினாள்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. வாசலில் ஆளுக்கொரு காலிப் பெட்டி வாங்கி, உள்ளே போய் இஷ்டப்பட்டதை நிரப்பிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் வரிசை நின்றதோ வெளி நடையில், மார்லிஸின் மேசைக்கு நேர் எதிரே. அந்தக் குளிரில் மிட்டாய்த்தூள் கசியாமல் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது.

"ஒண்ணு எடுத்துக்கங்க ஆர்வில்," என்றாள் முதலில் நின்ற பால்பண்ணைக்காரரிடம்.

"வேண்டாம், வேண்டாம்."

"பாத்தா போதுமா? எடுங்க."

"அட வேண்டாம்மா, மத்தவங்களுக்கு இருக்கட்டும்."

மூன்று முறை மறுக்காமல் யாரும் எதையும் எடுக்காத ஊர் அது. ஆர்வில் மூன்றாவது மறுப்புக்குக் காத்திருக்கவில்லை. ஒன்றைக் கடித்தார். 'மொறுக்' என்று வரிசைக்கே கேட்டது. பிறகு ஒரு டஜனை எண்ணிப் பெட்டியில் போட்டார்.

"ஏய் ஆர்வில், எங்களுக்கும் மிச்சம் வையிப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உனக்குத்தான் பல்லே கிடையாதே!" என்றார் ஆர்வில்.

அப்புறம் யாரும் மறுக்கவில்லை.

அரைமணி கழித்து ஆர்டிஸ் வெளியே வந்தாள். உள்ளே வருகிறவர்களின் பெட்டி எல்லாம் முன்னமே பாதி நிரம்பியிருந்தது எப்படி என்று பார்க்கத்தான் வந்தாள். தட்டில் நான்கே நான்கு இருந்தன. ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். மென்றாள், விழுங்கினாள், வெளியே பனியைப் பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து வெற்று அட்டை ஒன்றையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"எப்படிச் செஞ்சேன்னு எழுதிக் குடு."

ஆர்டிஸ் அதுவரை ஒருத்தியிடமும் செய்முறை கேட்டதில்லை. வரிசையில் இருந்தவர்களுக்கும் அது தெரியும்; எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மார்லிஸுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பெருமையை வெளியே காட்டுவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. அன்றைக்கு அவள் மரியாதையைப் பார்க்கவில்லை. அட்டையை மேசையில் வைத்து, கையுறையைக் கழற்றி, முதலில் தன் பெயரை எழுதினாள். 'மார்லிஸ் ட்வெட்'. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்.

"பேருக்கே பாதி அட்டை போயிடுச்சே," என்றாள் ஆர்டிஸ்.

"போகட்டும் ஆர்டிஸ்," என்றாள் மார்லிஸ். "செய்முறையைப் பொடி எழுத்துல எழுதிக்கலாம்."