நாலு நட்டும் சிவப்பு

திரௌபதி ஒரே ஒரு கண்டிஷன் போட்டுத்தான் சம்மதிச்சா. "என் தம்பி ரேஸ் ஓட்டணும்னா நீங்க நட்டு முடுக்கின வண்டியத்தான் ஓட்டணும். வேற எவன் கையும் படக்கூடாது." தாயில்லாத மாறனை எட்டு வயசுலேர்ந்து வளத்தவ அவ. புருஷன் வேணு அவ தலைமேல கைய வெச்சு சரின்னான்.

செங்கம் ரோட்டுல, ஆசிரமம் தாண்டினதும் வர்ற மெக்கானிக் ஷெட்டு வேணுவோடது. கூட்டாளி மூர்த்தி. மாறனோட பழைய காருக்கு, இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி வேகத்தக் கூட்டற டர்போ மாட்டினது அங்கதான். ரோட்டுல ஓடற வண்டின்னா டர்போ நட்ட ஒருதரம் முடுக்கிட்டா வருஷக்கணக்கா பேசாம கெடக்கும். ரேஸ் ட்ராக்குல அந்தப் பருப்பு வேகாது. இருபது நிமிஷம் விரட்டினா இரும்பு செக்கச்செவேல்னு பழுக்கும், நிறுத்தினா சுருங்கும், நட்டு கொஞ்சங்கொஞ்சமா கழண்டுக்கும். எவ்ளோ ஒசத்தி நட்டு போட்டாலும் முதல் சூடு ஏறி ஆறினப்புறம் இன்னொரு டைட்டு வெச்சே ஆவணும். வெச்சவன் நட்டு தலையில ஒரு சொட்டு சிவப்பு பெயிண்ட் வெப்பான். சிவப்பு இருந்தா வேலை முடிஞ்சுது. பன்னெண்டு வருஷமா ஷெட்டுல அதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேணு நாலு நட்டையும் முடுக்கி, இன்ஜின ஓடவிட்டு சூடேத்தி, பானட்ட தொறந்து ஆறப் போட்டான். மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்ட மறிச்சுட்டா வண்டி ஊர விட்டு நகராது, விடியறப்பவே கெளம்பிடணும். அந்த அவசரத்துல, டயர் எடுக்க ஓடினவன், "ஆறினதும் ரெண்டாவது டைட்டு நீ வெச்சுடு மூர்த்தி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பொண்டாட்டி தலைமேல கை வெச்சது அப்ப ஞாபகத்துக்கு வரல. விதின்னு சொல்லுவாங்க. விதியாவது மண்ணாவது, சுத்த அலட்சியம்!

சனிக்கிழமை ட்ராக்குல போய் எறங்கினதும் பானட்ட தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தான். இடுக்குல நாலு நட்டும் சிவப்பா இருந்துது. மூர்த்தி வேலைன்னா வேலைதான்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டு பானட்ட சாத்தினான். "போய்ட்டு வரேன் மாமா"ன்னு ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து சிரிச்சான் மாறன்.

பதினோராவது சுத்துல டர்போ சாஞ்சுது. ஆயில் பைப் முறிஞ்சு, பழுத்த இரும்பு மேல எண்ணெய் கொட்டி குபீர்னு புடிச்சுக்கிச்சு. சீட்டு பெல்ட்ட அவுக்கறதுக்குள்ள மாறனோட கை ரெண்டும் வெந்துபோச்சு. ஐயோ, அந்தப் புள்ள கத்தின கத்து!

சென்னையில பெரிய ஆஸ்பத்திரி. மூணாம் நாள் டாக்டர் வந்து, உயிருக்கு பயமில்ல, ஆனா வலது கையில விரல் எதையும் காப்பாத்த முடியலன்னு சொல்லிட்டுப் போனாரு. ஊர்லேர்ந்து வந்திருந்த மூர்த்திய வேணு வராந்தாவுல மடக்கினான்.

"நட்ட முடுக்கினியா இல்லியா?"

"ஆறட்டும்னு விட்டுட்டு விடியக்காலம் வந்து பாத்தேன். நாலுலயும் சிவப்பு இருந்துது. நீயே முடிச்சுட்டன்னு நெனச்சேன்."

"நான் வெக்கலியே!"

"நானும் வெக்கல வேணு. சாமி சத்தியமா."

அப்பதான் வார்டுலேர்ந்து திரௌபதி வெளிய வந்தா, கையில கோயில் குங்குமப் பொட்டலத்தோட. அழுது அழுது கண்ணு வீங்கியிருந்துது.

"உசுரு மிஞ்சினது அண்ணாமலையார் புண்ணியங்க. அன்னிக்கு நீங்க டயருக்குப் போனப்ப ஷெட்டுக்கு வந்து வண்டிக்கு பூசை போட்டேன் இல்ல? ஸ்டியரிங்குக்கு பொட்டு வெச்சேன். நம்ம சாமியே நெருப்பு, நெருப்பு இருக்கற எடத்த சும்மா விடலாமான்னு, குங்குமத்த எண்ணெய்ல கொழைச்சு உள்ள இருந்த அந்த நாலு நட்டுக்கும் வெச்சேன். அதான் என் தம்பிய திருப்பிக் குடுத்துது."

வேணு அவ கையில இருந்த குங்குமப் பொட்டலத்தப் பாத்தான். மூர்த்தி வாயத் தொறந்தான். வேணு அவன் மணிக்கட்ட அழுத்திப் புடிச்சான்.

"வண்டி ஏங்க எரிஞ்சுது?"ன்னா திரௌபதி.

"நட்டு கழண்டுக்கிச்சு. ரெண்டாவது டைட்டு நான் வெக்கல."

"என் தலைமேல கை வெச்சு சொன்னீங்களே."

"சொன்னேன்."

அவ பொட்டலத்த மடிச்சு இடுப்புல சொருகினா. கல்யாணமான பதினாறு வருஷத்துல ஒருநாள் கூட அவன நீன்னு கூப்பிட்டதில்ல. "அவன் வெரலக் குடு. உன்னால முடியுமா? குடு"ன்னா. அப்புறம் திரும்பி உள்ள போயிட்டா.

"டேய், அந்தம்மா வெச்ச குங்குமத்தாலதானடா..." மூர்த்தி இழுத்தான். "சொல்லித் தொலையேன்!"

"ஸ்பேனர் என் பின்பாக்கெட்டுல இருந்துது மூர்த்தி. நட்டுல வெச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாக்க அரை நிமிஷம். நான் கண்ணால பாத்துட்டு மூடினேன். அவ என்னடா பண்ணுவா? தன்னாலதான்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா. உன் வாயிலேர்ந்து இது வந்துதோ, அதோட நம்ம சகவாசம் முடிஞ்சுது."

கதவு லேசா தொறந்திருந்துது. கட்டுப் போட்ட ரெண்டு கையும் தலகாணி மேல கெடக்க, மாறன் நெத்தியில அவ மோதிர விரலால பொட்டு வெச்சுக்கிட்டிருந்தா. "ஒண்ணும் ஆவாதுடா. அக்கா வெச்சிருக்கேன் இல்ல"ன்னா.

மாறன் கண்ணத் தொறந்தான். "மாமா எங்கக்கா?"

"உனக்கு மாமா யாரும் இல்ல"ன்னு சொல்லிட்டு, எழுந்து வந்து கதவ சாத்தினா.