கருந்துளைக்கு ஒரு குரல்

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கமாட்டாள். விருந்தாளி யாராவது வந்தால் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாக உள்ளே போய்விடுவாள். ஆனால் பல் செட் செய்யும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. அங்கே பக்கத்து மேசையில் பற்களுக்கு மெருகு போடும் அக்காவிடம் அவள் பேசுகிற பேச்சுக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, ரோஜா நிற மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டுவைப்பது அவள் வேலை. கை அதுபாட்டுக்கு நடும், வாய் அதுபாட்டுக்குக் கதை சொல்லும்.

கதை என்றால் ஒரே கதைதான். 'தபால் கப்பல்' என்று போனில் கேட்கிற ஒரு ஒலித்தொடர். நட்சத்திரங்களுக்கு நடுவே கடிதம் சுமந்துபோகும் ஓட்டைக் கப்பல், மூக்குநுனியில் கோபம் வைத்திருக்கும் கேப்டன், அவரை எதிர்த்துப் பேசுவதற்கென்றே செய்து வைத்ததுபோல் ஓர் இயந்திரக் கிளி. கப்பல் கருந்துளையின் வாய்க்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில், தொடரைத் தயாரித்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். கேப்டன் பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா, யாருக்கும் தெரியாது.

அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு ஒரு குழு இருந்தது. ஒரு காலத்தில் கப்பலின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கே அங்கே அடிதடி நடக்கும். தொடர் நின்றபின் பேச்சு குறைந்து, பூப்படம் போட்ட காலை வணக்கத்தில் வந்து நின்று, பிறகு அதுவும் நின்றது. அவள் அந்தக் குழுவில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனாலும் தினமும் பேருந்தில் பழைய சண்டைகளை எடுத்துப் படித்துச் சிரிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. ஒரு நாள் குழுவை நடத்தும் 'மாலுமி' அறிவிப்புப் போட்டார். யாருமே பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமையோடு குழுவை மூடுகிறேன், கூட வந்ததற்கு நன்றி.

அவளுக்குப் பகீரென்றது. மூடாதீர்கள் என்று தட்டினாள். அழித்தாள். தயவுசெய்து என்று சேர்த்தாள். அதையும் அழித்தாள்.

மறுநாள் கூடத்தில் அக்காவிடம் புலம்பித் தீர்த்தாள். கதை எப்படி முடிந்திருக்கவேண்டும் என்று நடித்தும் காட்டினாள். யாருக்கோ செய்து முடித்த முழுப் பல் செட் ஒன்றைக் கையில் எடுத்து, டக் டக் என்று மேலும் கீழும் தட்டியபடி அதையே கிளியாக்கிப் பேசவைத்தாள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இதை என் வீட்டுக்காரருக்குக் கேட்கவைக்கவேண்டும் என்று அவளுடைய போனையே எடுத்து இன்னொரு தடவை பேசச்சொல்லிப் பதிவு செய்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டே அனுப்பவும் செய்தாள். அது வீட்டுக்காரருக்குப் போகவில்லை. திறந்து கிடந்த குழுவுக்குப் போயிற்று.

அவள் பாய்ந்து வந்து தட்டினால், மெழுகு அப்பிய விரலைப் போன் மதிக்கவே இல்லை. அழிங்கக்கா, அழிங்கக்கா என்று கெஞ்சினாள். அக்கா பதறிப்போய், எல்லாருக்கும் அழிப்பதை விட்டுவிட்டு, எனக்கு மட்டும் அழி என்பதை அழுத்திவைத்தாள். இப்போது அந்தக் குரல்பதிவு உலகத்தில் எல்லாரிடமும் இருந்தது, அவளிடம் மட்டும் இல்லை.

"ஐயையோ, போச்சு" என்று அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் போன் ஒரு முறை முனகியது. டைல்ஸ் ஒட்டும் ஒருவர் எழுதியிருந்தார். 'யாருங்க இந்தக் கிளி? சிரிச்ச சிரிப்புல ஒரு கல்லைக் கோணலா ஒட்டிட்டேன்.' அடுத்து ஒரு நர்ஸ், வார்டில் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டதாகச் சொன்னார். அதற்கடுத்து, ஒரு லாரி ஓட்டுநர் கேப்டன் குரலில் கிளியைத் திட்டிப் பதிவு அனுப்பியிருந்தார். அப்படியே அச்சு அசல் கேப்டன். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"திட்டு வாங்கிட்டுச் சும்மா இருக்குமா உன் கிளி?" என்றாள் அக்கா.

அவளாக இருந்தால் சும்மா இருந்திருப்பாள். கிளியால் முடியுமா? கையைக் கழுவிவிட்டு வந்து பல் செட்டை எடுத்தாள். "கேப்டன், இந்தக் கத்தலை எஞ்சினுக்குள்ள கத்தியிருந்தா கப்பல் எப்பவோ கிளம்பியிருக்கும்" என்று அனுப்பிவைத்தாள். அவ்வளவுதான், குழு குலுங்கிப் போயிற்று. எங்கெங்கோ போய் ஒளிந்திருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டினார்கள். கதையை நாமே முடித்தால் என்ன என்று யாரோ கேட்க, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ஒரே அழைப்பில் கூடி நடிப்பது என்று முடிவாயிற்று. வசனம் எழுதும் பொறுப்பு கிளியின் தலையில் விழுந்தது.

பேசுகிறவர்கள் ஒரு கைப்பிடிதான். மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள், பேசுங்கள் என்று லாரிக்காரர் நல்ல மனத்தோடுதான் கேட்டார். கேட்டதும் இரண்டு பேர் குழுவைவிட்டே போய்விட்டார்கள். அவளுக்கு அவர்கள் மனம் அத்துப்படி. கேட்டால் அவளும் ஓடியிருப்பாள். அதனால் அவள் இப்படி எழுதினாள்: 'பேசவே பிடிக்காதவர்கள் தேவை. கப்பலுக்கு ஒரு கதவு வேண்டும். யார் வீட்டுக் கதவு கிரீச்சிடும்?'

கதவுகள் கொட்டின. குளியலறைக் கதவு, பீரோக் கதவு, எண்ணெய் போட மறந்த இரும்புக் கேட்டு. ஒரு வார்த்தை பேசாதவர்கள் எல்லாம் சத்தத்தை அனுப்பினார்கள். எஞ்சினுக்குத் தையல் மெஷின் வந்தது, ராட்சதக் காற்றுக்கு ஒரு பெண்மணி தன் கணவரின் குறட்டையை அனுப்பினார். கூடத்தில் அக்கா தன் மெருகு மோட்டாரை ஓட்டி, விண்கல் உரசும் சத்தம் என்று கொடுத்தாள். இரும்புக் கேட்டுக்காரர் மறுநாள் காலையில் 'என் கதவு நன்றாக இருந்ததா' என்று எழுத்தில் கேட்டார். அவர் குழுவில் எழுதிய முதல் வரி அது. அதற்கு விழுந்த பூங்கொத்துப் படங்களை எண்ணி மாளாது.

மாலுமி மட்டும் மூச்சுக் காட்டவில்லை. சனிக்கிழமை காலை அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"நான்தான் மாலுமி. பாதி மாலுமி. மீதிப் பாதி எங்க மாமனார்."

மாமனாரும் மருமகளுமாகச் சேர்ந்து தொடங்கிய குழுவாம் அது. தொடரை ஒன்றாக உட்கார்ந்து கேட்டவர்கள். நின்றுபோனதும் கேப்டன் சாகவேண்டும், அதுதான் கம்பீரம் என்று அவர் சொல்ல, திரும்பி வரவேண்டும் என்று இவள் சொல்ல, வாக்குவாதம் முற்றி இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கோபத்தில் அவர் போட்ட அறிவிப்புதான் அது.

"மாடியில உட்கார்ந்து உங்க கதவையெல்லாம் ஒண்ணுவிடாம கேட்கறார். கேட்டீங்களான்னா, இல்லம்பார். நீங்கதான் அவருக்கு ஏதாவது ஒரு வேஷம் கொடுக்கணும்."

அவள் யோசித்தாள். பிறகு அந்த மாமனாருக்குத் தனியாக எழுதினாள். ஐயா, கருந்துளைக்குக் குரல் இல்லை. நீங்கள்தான் கருந்துளை. கடைசி வசனத்தை நான் எழுதவில்லை. விழுங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பதில் வரவில்லை. படித்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு நிரம்பி வழிந்தது. தையல் மெஷின் உறுமியது, குறட்டை வீசியது, லாரிக்காரர் தொண்டை கிழியக் கட்டளையிட்டார். நர்ஸ் இரண்டு இடத்தில் வசனத்தை மறந்து, மறந்ததற்கும் சேர்த்துச் சிரித்தார். அவள் கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு பல் செட்டும் கையுமாக வீட்டில் தன் அறையில் நின்றுகொண்டே கிளியாக வாழ்ந்தாள். கப்பல் கருந்துளையின் வாய்க்கு வந்தது.

"ஏ கருந்துளையே, என்னை என்ன செய்யப்போறே?" என்று கேப்டன் கேட்டார்.

யாரோ செருமுவது கேட்டது. அழைப்பில் இருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு கனத்த, கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"உன்னை விழுங்கணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. ஆனா உன் பையில யாரோ யாருக்கோ எழுதின கடுதாசி இருக்கு. போய்க் கொடுத்துட்டு வா. உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

மருமகள் போட்ட கூச்சல் இரண்டு தடவை கேட்டது, அந்த மருமகளின் போன் வழியாக ஒரு முறை, மாமனாரின் போன் வழியாக மாடிப்படியேறி இன்னொரு முறை. கதவுகள் எல்லாம் முறையில்லாமல் கிரீச்சிட்டன. ஆரவாரம் அடங்கியபின் நர்ஸ்தான் தைரியமாக, குழுவை இன்றோடு மூடுகிறீர்களா என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லலையே" என்றார் கருந்துளை.

கதை முடிந்தும் ஒருவரும் அழைப்பைவிட்டுப் போகவில்லை. கேப்டன் யாருடைய கடிதத்தைக் கொண்டுபோனார் என்று டைல்ஸ்காரர் ஒரு கேள்வியைப் போட்டார். காதல் கடிதம் என்றார் நர்ஸ். சம்பந்தி வீட்டுச் சண்டைக் கடிதம் என்றார் மாமனார். அதெப்படி என்று மருமகள் மல்லுக்கு நிற்க, இரும்புக் கேட்டுக்காரர் முதல்முறையாக வாய் திறந்து மெல்லிய குரலில், கிளிக்கு வந்த கடிதமாக இருக்கக்கூடாதா என்று கேட்டார். ஒரே ரகளை. அவள் சுவரில் சாய்ந்து, விலா நோகச் சிரித்துக்கொண்டே, "இருங்க இருங்க, கிளிக்கு யார் எழுதியிருப்பாங்க?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டாள்.