விதையைத் தின்ற விருந்து

உலக்கைச் சத்தம் கேட்டதும் ரொசெண்டாவின் கை நின்றது. அடுக்கு வயலின் கல்சுவரைப் பற்றிக்கொண்டு புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் மேலே அவள் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. எப்படி வரும்? அவள் வீட்டில் குத்துவதற்கு நெல் ஏது? விளைந்த சிவப்பு நெல் மொத்தமும் மணிலாக் கடைக்குப் போய்விட்டது. வீட்டில் தின்பதெல்லாம் சந்தையில் வாங்கும் மூட்டை அரிசி. வெள்ளை வெளேரென்று இருக்கும், மணம் ஒன்றும் இருக்காது. அதை யார் குத்தப்போகிறார்கள்?

நெல் என்று வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது நினைவுக்கு வந்ததும் சேற்றுக் காலோடு ஓடினாள்.

இந்த மலையில் அறுவடைக்கு முன்னால் வயலில் இறங்குவது பெண்கள்தான். நிற்கிற பயிரில் நல்ல கதிராகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கத்தி வைக்கலாம். அந்தக் கட்டுகள் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது. அந்தப் பரணில் ஆண்கள் கை வைப்பதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதும் இல்லை. கேட்காமலே இருந்துவிட்டதில்தான் வினை வந்தது.

வாசலில் கொழுந்தன் மகள்கள் இருவர் உரலில் குத்திக்கொண்டிருந்தார்கள். நிழலில் பாய் விரித்து மணிலாக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடையில் சிவப்பரிசி வாங்கித் தின்பவர்கள். விளைவித்தவர் வீட்டிலேயே ஒரு வேளை சாப்பிடவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள். கடைக்காரி கார்லா கூட்டி வந்திருந்தாள். நடுவில் ரொசெண்டாவின் கணவன் குமாங்கன், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கடையின் காகிதப் பை ஒன்றைக் கையில் வைத்திருந்தான். பையில் அவன் முகம் அச்சாகியிருந்தது. நல்ல சிரிப்பு.

"யோவ், இங்க வா. என்னத்தை எடுத்துக் குத்தச் சொன்ன?"

"கத்தாதடி, விருந்தாளி இருக்காங்க. பரண்ல ஒண்ணு போல சிவப்பா தொங்குச்சு. விசேஷத்துக்குன்னு நீதானே எடுத்து வெச்சிருக்கே?"

"விசேஷத்துக்கா? அது விதைய்யா! அடுத்த மாசம் நாத்தங்கால்ல போடவேண்டியது!"

அவன் முகம் செத்துப்போனது. ஆனால் கொஞ்ச நேரம்தான். "சரி விடு. கார்லாகிட்ட சொன்னா விதை அனுப்பிடப் போறாங்க."

"நம்ம மலைத் தண்ணியோட குளிருக்கு முளைக்கிற விதைய எந்தக் கடைக்காரன் வெச்சிருக்கான்? பயிற்சிக் கூட்டம்னு வருஷமெல்லாம் போய்ப் போய் உக்காந்தியே, இதை யாரும் சொல்லலியா?"

கடைக்காரர்கள் நடத்திய அந்தக் கூட்டத்துக்கு வீட்டுத் தலைவர்கள் வந்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். வீட்டுத் தலைவர் என்றால் ஆம்பளை. எந்த நெல் போடுவது, எவ்வளவு விற்பது, எல்லாம் அங்கே பேசி முடித்துவிட்டு வந்து குமாங்கன் சொல்வான். அவள் நட்டாள், களை பறித்தாள், சுமந்தாள். உரலோரம் இன்னும் அவிழ்க்காத கட்டு ஒன்று கிடந்தது. பாய்ந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் உமியாகக் கிடந்தது.

சோறு வந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் முகர்ந்து பார்த்தாள்.

"ஏன் புகை நாத்தம் அடிக்குது? கடையில வாங்கினது இப்படி இல்லியே."

தட்டைத் தள்ளி வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் வைத்தார்கள்.

கார்லா குமாங்கனிடம் திரும்பினாள். "அண்ணே, இனிமே புகை படாம பாத்துக்கங்க. வாங்குறவங்களுக்குப் பிடிக்கல."

"சரிங்கம்மா, பாத்துக்கறேன்."

அந்த 'சரிங்கம்மா'வைக் கேட்டதும் ரொசெண்டாவுக்கு உச்சியில் ஏறியது.

"நாத்தம் இல்லம்மா அது, விதை! அடுத்த வருஷம் நீங்க திங்கவேண்டியதை இப்பவே தின்னுட்டீங்க. அதையும் ஒழுங்கா திங்கல!"

"அக்கா, கோவப்படாதீங்க. நாங்க அண்ணன்கிட்ட பேசிக்கறோம். அவர்தானே விவசாயி?" என்றாள் கார்லா.

"அப்படியா? பையில போட்டிருக்கிற அந்த மூஞ்சிய வயல்ல நட்டுப் பாருங்க, முளைக்குதான்னு!"

விருந்தாளிகளில் ஒரு பையன் செல்போனைத் தூக்கினான். "அந்தக் கதிரோட ஒரு ஃபோட்டோ. கொஞ்சம் சிரிங்க."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஏறினாள்.

விருந்தாளிகள் போனதும் குமாங்கன் பக்கத்து வீட்டுக்கு விதை கேட்கப் போனான். போன வேகத்தில் திரும்பினான். விதை பெண் கையிலிருந்து பெண் கைக்குத்தான் போகும், காசுக்கும் கிடையாது, ஆம்பளைக்கும் கிடையாது என்று அந்த வீட்டு ஹூலியானா வாசலிலேயே சொல்லிவிட்டாளாம்.

ரொசெண்டாதான் போகவேண்டியிருந்தது.

"வாடி, விதையைப் பொங்கித் தின்ன மகராசி," என்றாள் ஹூலியானா.

"சொல்லு. இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லு. வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்."

ஹூலியானா பரணிலிருந்து கட்டுகளை இறக்கினாள். கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர்றேன். ஆனா இதுல விளையறது அந்தக் காகிதப் பைக்குள்ள போகக்கூடாது. உன் வீட்டுச் சட்டிக்குத்தான் போகணும். போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் என் வாசல மிதிக்காதே. எங்க வீட்லயும் அதே வெள்ளை மூட்டைதாண்டி. பிள்ளைங்க சிவப்புச் சோத்தை மறந்தே போச்சுங்க."

"போகாது."

"உம் புருஷன் விளையறதெல்லாம் கடைக்குன்னு வாக்கு குடுத்திருக்கானே?"

"அவன் வாக்குதானே? அவன் விதையில காப்பாத்திக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கட்டுகளைப் பரணில் மாட்டினாள், தன்னிடம் மிஞ்சிய ஒன்றையும் சேர்த்து. குமாங்கன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்லாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

விருந்தாளிகள் மீதம் வைத்த சோற்றையெல்லாம் ஒரு தட்டில் வழித்துப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். "முதல்ல இதைத் தின்னு. ஒரு பருக்கை கீழ விழக்கூடாது."

அவன் தின்றான். பாதியில் தலை நிமிர்த்தி, "புகை வாடை நல்லாத்தானே இருக்கு," என்றான்.

அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. அவன் பக்கத்தில் கிடந்த காகிதப் பையை எடுத்துக் கிழித்து, அடுப்புக்குள் திணித்துத் தீ வைத்தாள்.